சத்தம் வராத பந்து

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். துறைமுகத்தைப் பற்றி எழுதலாம், தெருவில் திரிந்த மான்களைப் பற்றி எழுதலாம், கோணேசர் மலையில் நின்று காற்று வாங்கியதைப் பற்றி எழுதலாம் என்று கடிதத்திலேயே யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். மான்களை வேறு யாராவது எழுதட்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தக் காலம் நல்ல காலம் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் ஒன்றாய்ப் படித்தவர்கள், அதனால் உங்களிடம் நேராகவே சொல்கிறேன்.

நான் ஒரு பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். அந்த வருடம் கச்சான் காற்று வீசிய காலத்தில், பள்ளிக்கூடம் திறந்திருந்த சில நாட்களில், என்னுடைய புத்தகப் பைக்குள் எப்போதும் ஏதோ உருண்டையாய் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் விளாங்காய், ஒரு நாள் வலையில் கட்டும் மிதவை. "உருண்டைக்காரி" என்று எனக்குப் பட்டம் வைத்தீர்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

என் அண்ணன் அப்போது கொழும்பில் சித்தப்பா வீட்டில் நின்று படிக்கிறான் என்று உங்களுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன் அல்லவா? அவன் கொழும்புக்குப் போகவே இல்லை. எங்கள் வீட்டின் பின் அறையில் இருந்தான்.

அவனுக்குப் பதினாறு வயது. அந்த வயதுப் பெடியன்களை ஒரு பக்கம் ஆமி சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனது, மற்றப் பக்கம் இயக்கம் தன்னோடு சேர்ப்பதற்குக் கொண்டு போனது. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் போய்விட்டார்கள். அம்மா ஒரே நாளில் முடிவெடுத்தார். காலையில் அண்ணனை ஒரு பையோடு பஸ் நிலையத்துக்கு எல்லாரும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பொழுதுபட அப்பா துறைமுகத்திலிருந்து வரும்போது வேறு வழியால் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று ஆமிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய பட்டியலில் அண்ணனின் பெயரை வெட்டி, மூன்று பேர் என்று கொடுத்தார்கள். அதற்குப் பிறகு திரும்பவே முடியாது. மூன்று பேர் என்று எழுதிய வீட்டில் நான்காவது ஆளாக ஒரு பெடியனைக் கண்டால் என்ன நடக்கும் என்று எனக்குக்கூடத் தெரியும்.

அவனுடைய சேட்டுகளை வெளிக்கொடியில் போடக்கூடாது. கதிரை முதுகில் போட்டு அறைக்குள் காயவைத்தோம். அவனுடைய செருப்பு அரிசி வாளிக்குள் கிடந்தது. இருமல் வந்தால் தலையணையில் வாயை வைத்து இருமுவான். கடையில் நான் பாண் வாங்கும்போது மூன்று பேருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் வாங்க வேண்டும். அம்மா தன்னுடைய பங்கை அவனுக்குக் கொடுப்பார். அந்த நான்கு மாதத்தில் அவர் மெலிந்ததைப் பார்த்து அயலில் உள்ளவர்கள் மகனைப் பிரிந்த கவலை என்றார்கள்.

முதல் மூன்று கிழமை அண்ணன் படித்தான். பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. பாயில் இருந்து நாரை ஒவ்வொன்றாய் இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் நடுமத்தியானம் எழும்பிப் போய் முன்கதவுக் கொண்டியில் கையை வைத்தான்.

"நான் கடற்கரைக்குப் போட்டு வாறன்."

அம்மா ஓடிப்போய்க் கதவுக்கும் அவனுக்கும் இடையில் நின்றார். "தம்பி, என்னை வெட்டிப்போட்டுப் போ."

"விடுங்கோ அம்மா. எனக்கு ஏலாது. விசர் பிடிக்குது."

அன்றைக்கு நிறுத்திவிட்டார். அடுத்த கிழமையும் கொண்டியில் கை வைத்தான். அதற்கடுத்த கிழமையும் வைத்தான். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் பலம் குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. அவன் அம்மாவைவிட உயரம். ஒரு நாள் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்று பயந்துகொண்டே இருந்தோம். போனால் திரும்பி வரமாட்டான்.

அவனை உள்ளே வைத்திருந்தது பந்துதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் லோஞ்ச் படகுகளின் எஞ்சின் திருத்துகிற வேலை செய்தார். அண்ணனை மறைத்து வைப்பதற்கு முன்னொரு நாள் அவனைக் கூட்டிக்கொண்டு கோதுமைக் கப்பல் கட்டியிருந்த இடத்துக்குப் போயிருந்தார். அங்கே கப்பலில் வந்த ஒருவன், எந்த நாட்டுக்காரனோ தெரியாது, கயிறு கட்டும் குற்றியில் குந்திக்கொண்டு கண்ணாடி உருண்டை ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தானாம். எறியவில்லை, பிடிக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த உருண்டை விரல் நுனிக்கு ஏறி, அங்கால் புறங்கைக்கு இறங்கி, திரும்பி உள்ளங்கைக்கு வந்ததாம். கைதான் அதைச் சுற்றி ஓடியதாம், உருண்டை காற்றிலே அசையாமல் நின்றதாம். அண்ணன் அதை எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பான்.

மூன்றாம் தடவை கொண்டியில் கை வைத்த அன்றைக்குப் பின்னேரம் என்னைக் கூப்பிட்டான்.

"ஏய், எனக்கொரு பந்து வேணும்."

"அடிச்சால் சத்தம் கேக்கும். அம்மா கொல்லுவா."

"அடிக்கிறேல்லை விசரி. கைக்கு மேல உருட்டுறது. சத்தமே வராது."

சத்தம் வராதாம்! பழகுகிறவன் கையில் இருந்து பந்து நூறு தடவை கீழே விழும் என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

முதலில் எங்கள் வீட்டில் கிடந்த டென்னிஸ் பந்தை எடுத்தான். அது சரிவரவில்லை. பாரம் இல்லை. புறங்கையில் வைத்தால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றான். கையைக் கொஞ்சம் அசைத்தால் துள்ளிக்கொண்டு ஓடியது. அரை மணித்தியாலத்தில் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டான்.

அடுத்தது விளாங்காய். பின் ஒழுங்கை மரத்தில் இருந்து நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அளவு சரி, பாரமும் சரி. ஓடு சொரசொரப்பாக இருந்ததால் தோலில் நன்றாகப் பிடித்து நின்றது. அண்ணன் முதல்தடவையாகச் சிரித்தான். ஆனால் காம்புப் பக்கம் கொஞ்சம் குழி. உருண்டு வரும்போது அந்தக் குழி வந்ததும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மூன்றாவது தடவை சாய்ந்து சீமெந்து நிலத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அம்மா குசினியில் இருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

"என்ன சத்தம் அது?"

"விளாங்காய் அம்மா," என்றேன். "பழுத்திட்டுதோ எண்டு போட்டுப் பார்த்தனான்."

அது எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். நிலத்தில் போடும்போது துள்ளினால் காய், துள்ளாமல் தொப்பென்று கிடந்தால் பழம். அம்மா என்னையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். அண்ணனுடைய முகத்தில் இருந்த சிரிப்பைக் கண்டிருக்க வேண்டும். குசினிக்குப் போய் இரண்டு சாக்கைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்தார். அதற்கு மேலே பழைய மெத்தையைப் போட்டார்.

"இதுக்கு மேல நிண்டு விளையாடு. இதைவிட்டு வெளியில கால் வைச்சால் பறிச்சுப்போடுவன்."

அன்றில் இருந்து அவன் கதவுக் கொண்டியில் கை வைக்கவில்லை. அம்மாவும் அதைக் கவனித்தார். ஆனால் அவன் விளையாடுகிற நேரம் முழுவதும் முன் ஜன்னலில் நின்று ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவனுடைய கையை ஒரு நாளாவது திரும்பிப் பார்க்கவில்லை.

விளாங்காய் நான்கு நாளில் பழுத்து, ஓட்டை விட்டுக் கழன்று, உள்ளே கிடந்து ஆடத் தொடங்கியது. ஆடுகிற பழத்தை உருட்ட ஏலாது. சீனி போட்டுத் தின்றோம். அடுத்த காயைக் கொண்டுவந்தேன். அது இன்னும் கோணல். பிறகு கடற்கரையில் இருந்து வலை மிதவை ஒன்று. அது நல்ல வட்டம், ஆனால் பாரம் காணாது, நடுவில் கயிறு போகிற ஓட்டைக்குள் விரல் போய் மாட்டும். வலை நூலைச் சுற்றி நானே ஒரு பந்து செய்தேன். சத்தம் இல்லை. ஆனால் அதை உருண்டை என்று சொல்லக் கடவுளுக்கும் மனம் வராது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "உது ஆட்டின்ர தலை மாதிரி இருக்கு," என்றான். நான் இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை.

அப்பாவும் ஒன்று கொண்டுவந்தார். அவர் வாய் திறந்து அண்ணனோடு கதைப்பது குறைவு. வேலைப் பைக்குள் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். பெரிய பேரிங் ஒன்றில் இருந்து கழற்றிய இரும்புக் குண்டு. எலுமிச்சம்பழம் அளவு. முகம் தெரிகிற பளபளப்பு. அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் சிறிது. புறங்கையில் நிற்க இடம் எடுக்காமல் விரலுக்கு இடையில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் மெத்தையின் விளிம்பில் நின்றவனுடைய கால் பெருவிரலில் விழுந்தது.

அண்ணன் கத்தவில்லை. சாரத்தைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து இருந்தான். கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் அவனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஒரு சத்தம் இல்லை. பிறகு அந்த நகம் கறுத்து விழுந்தது. காலில் இரும்பு விழுந்த பிள்ளை கத்தாமல் இருந்தான். நல்ல காலம் என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுதட்டும்.

இப்படியே போட்டுப் போட்டுப் பார்த்து, தொடங்குகிறவனுக்கு என்ன பந்து வேண்டும் என்று அவனே கண்டுபிடித்தான். ஒரு நாள் மெத்தையில் படுத்துக்கொண்டு எனக்குச் சொன்னான்.

"சின்னன் கூடாது. கை விரிச்சால் உள்ளங்கையை மூடுற அளவு வேணும். வடிவான வட்டமா இருக்கோணும். பாரம் வேணும். பாரமா இருந்தாத்தான் அது எங்க நிக்குதெண்டு தோலுக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி வழுக்கவும் கூடாது."

"விழுந்தால் சத்தம் கேக்கவும் கூடாது," என்றேன்.

"ஓம். அப்பிடி ஒண்டு இந்த ஊரில இருக்கோ?"

இருந்தது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பக்கத்து வீட்டில் தையல் ரீச்சர் இருந்தார். ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவருடைய வீட்டுக்கும் எங்கள் பின் அறைக்கும் நடுவில் மதிலும் ஒரு மாமரமும் கிணற்றடியும் இருந்தன. ஒரு நாள் நான் ஒழுங்கையில் விழுந்து கிடந்த விளாங்காய்களை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தன் வீட்டு வாசல் படலையில் நின்று கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, உலகத்தில இருக்கிற உருண்டை எல்லாத்தையும் சேர்க்கிறாய் போல கிடக்கு?"

"பள்ளிக்கூடத்தில கொண்டரச் சொன்னவை ரீச்சர்."

"எந்தப் பள்ளிக்கூடம்? இங்க ரெண்டு கிழமையாப் பூட்டிக் கிடக்கு."

எனக்கு முகம் சுட்டது. அவர் சிரித்தார். "சரி விடு. இவ்வளவும் பொறுக்கினாயே, எது திறம்?"

பதினொரு வயதுப் பிள்ளையிடம் யாரும் அப்படி மரியாதையாக எதையும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. "ஒண்டும் சரிவரேல்லை ரீச்சர். கை அளவு வேணும், பாரமும் வேணும். விழுந்தால் சத்தமும் கேக்கக்கூடாது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். ரீச்சர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "வெயிலுக்குள்ள நிக்காத, போ," என்றார். அவ்வளவுதான்.

ஒரு கிழமை கழித்துப் பத்து மணி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் பின் அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அம்மா முன்னுக்குக் கதிரை போட்டுக் கொடுத்துத் தேத்தண்ணி ஊற்றினார். மழை இல்லாததைப் பற்றியும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதைப் பற்றியும் கதைத்தார்கள். எழும்பும்போது ரீச்சர் தையல் பையில் இருந்து ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

"இது உங்கட மகளுக்கு. பந்து தேடித் திரிஞ்சவள். வெள்ளைக்காரன் காலத்துக் கிளப்பில புல்லுக்குள்ள உருட்டி விளையாடின மரப் பந்து. என்ர அப்பா அங்க வேலை செய்தவர். நான் காலுறை தைக்கிறதுக்கு உள்ளுக்க வைச்சுக்கொண்டிருந்தனான். மேல பிளனல் உறை தைச்சு விட்டிருக்கிறன். கீழ விழுந்தாலும் சத்தம் வராது."

நான் இன்று வரை அப்படி ஒரு தையலைக் காணவில்லை. பூசணிக்காய்க் கீறுகள் போல எட்டுத் துண்டு வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் மரத்தோடு ஒட்டத் தைத்திருந்தார். தைத்த கோடு விரலுக்குத் தட்டுப்படவில்லை. துணி இரண்டு மடிப்பு. கடும் பச்சை நிறம்.

ரீச்சர் போனதும் அம்மா முன்கதவைச் சாத்தினார். பந்தை இடுப்பளவில் பிடித்து, சீமெந்து நிலத்தில் போட்டார். தொப்பென்று ஒரு மெல்லிய சத்தம். அடுத்த அறைக்கும் கேட்டிராது. அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா வந்தபோது அம்மா பந்தை அவருக்கு முன்னால் வைத்தார்.

"இஞ்சருங்கோ, சத்தம் வராமல் உறை தைச்சுத் தந்திருக்கிறா. அப்ப சத்தம் கேட்டிருக்கு."

"ரீச்சர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை," என்றார் அப்பா.

"அவ சொல்லமாட்டா. நான் அதைச் சொல்லேல்லை. அவவுக்குக் கேட்டால் பின்வீட்டுக்காரனுக்கும் கேட்டிருக்கும். ஒழுங்கையால போறவைக்கும் கேட்டிருக்கும். எத்தினை பேருக்குத் தெரியும் இப்ப?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அவவிட்ட ஏதும் வாய் விட்டனியோ?"

"இல்லை அம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடி விழும் என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை. நான் ஓம் என்றிருந்தால் ஈர்க்கு விளக்குமாற்றால் நாலு விழுந்திருக்கும். ரீச்சருக்குச் சொன்னது நான்தான், சுவரைத் தாண்டி ஒரு சத்தமும் போகவில்லை என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். நான் இல்லை என்றேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவசரப்படாத, ரெண்டு நாள் யோசிப்பம்," என்று ஒரு சொல் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அவர் செத்த பிறகும் தீரவில்லை.

அம்மா அன்றைக்கே ஈச்சிலம்பற்றில் இருந்த மாமாவுக்கு, தன்னுடைய தம்பிக்கு, ஆள் அனுப்பினார். அங்கே வயலும் காடும்தான், வீட்டுக்கு வீடு ஆட்களை எண்ணுகிறவர்கள் இல்லை, பெடியன் ஆடு மாடோடு நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். டவுனில் இருக்கிற ஆபத்துத்தான் அவருக்குத் தெரியும். வயற்கரையில் இருக்கிற ஆபத்துத் தெரியாது.

மாமா வருவதற்கு இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும், நான் மேசையில் இருந்து எடுத்துக் கொடுத்த பந்து அண்ணனிடம் இருந்தது. அம்மா உடுப்பு அடுக்குவதிலும் மூட்டை கட்டுவதிலும் அதைப் பறிக்க மறந்துபோனார்.

பந்தைப் புறங்கையில் வைத்ததும் அவன் கண்ணை மூடினான். "இஞ்ச பார். கண்ணை மூடினாலும் தெரியுது," என்றான். பிளனல் தோலில் பிடித்துக்கொண்டது. பாரம் நடு எலும்பில் போய் இருந்தது. அது வரைக்கும் இரண்டரை மாதம் விழுந்து விழுந்து கற்றது எல்லாம் அந்தப் பந்தில் ஒரே நாளில் வந்தது. உள்ளங்கையில் இருந்து விரல் நுனிக்கு ஏற்றி, புறங்கைக்கு இறக்கி, திரும்ப உள்ளங்கைக்கு. முதல் நாள் மூன்று தடவை விழாமல். இரண்டாம் நாள் பின்னேரம் ஏழு தடவை. நான் எண்ணினேன். ஏழாவதில் கை அசைந்தது, பந்து அப்படியே நின்றது. நான் கண்டேன். கப்பல்காரனைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை.

"அம்மாவைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம். பத்து வரட்டும்."

பத்து வரவில்லை. மறுநாள் விடியற்காலை மாமா வந்து நின்றார். அப்பாவுக்குத் தெரிந்த லோஞ்ச் ஆட்கள் சாமான் ஏற்றிக்கொண்டு மூதூருக்குப் போகிற லோஞ்சில் அவனை ஏற்றினார்கள். அண்ணன் பந்தைக் கேட்டான். அம்மா கொடுக்கவில்லை. "உதாலதான் இவ்வளவும்," என்றார். அவன் வாதாடவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு வெளிக்காற்றுப் பட்டதும் அவனுக்கு இருமல் வந்தது. பழக்கத்தில் வாயைத் தோளில் பொத்திக்கொண்டு இருமினான்.

பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

"பிடிக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார் ரீச்சர்.

"அம்மா வேண்டாமாம். வீட்டில பந்து விளையாட ஒருத்தரும் இல்லையாம்."

அவர் வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

ஒன்றரை மாதத்தில் மாமா தனியாக வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அதைக் கண்டதுமே அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவனை இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்களாம். கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றார்களாம். மண்வெட்டியை வரம்பில் வைத்துவிட்டுப் போனானாம். அவர்கள் யார் என்று மாமா அன்றைக்கும் சொல்லவில்லை, சாகும் வரைக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை நான் எழுதமாட்டேன். அண்ணன் திரும்பி வரவில்லை. உயிரோடும் வரவில்லை, பிணமாகவும் வரவில்லை. அவனுடைய ஒரு படத்தை வைத்துக்கொண்டு அம்மா ஏறி இறங்காத வாசல் இல்லை. போன இடத்தில் எல்லாம் முதலில் கேட்டது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பட்டியலில் இப்படி ஒரு ஆள் இல்லையே?

அம்மா ரீச்சரோடு கதைப்பதை விட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசி இருக்கிறார் என்பதையே இருபது வருடத்துக்கு மேல் மறந்தவர் போல நடந்தார். "அவ வராமல் இருந்திருந்தால்" என்று சில நாட்களில் தனக்குள் சொல்வார். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். நானும் எல்லார்மேலும் கோபமாக இருந்தேன். அவசரப்பட்ட அம்மாமேல், வாய் திறக்காத அப்பாமேல், மண்வெட்டியை எடுத்து ஓங்காத மாமாமேல். என்னை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ரீச்சருக்கு ஏற்கெனவே சத்தம் கேட்டிருந்தது, நான் சொன்னதால் புதிதாய் எதுவும் நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

சண்டை முடிந்து சில வருடத்தில் ரீச்சர் தன்னுடைய பெறாமகளோடு போய் இருக்க வீட்டைக் காலி பண்ணினார். நடக்கக் கஷ்டப்பட்டார். அம்மாவுக்குத் தெரியாமல் சாமான் கட்ட உதவிக்குப் போனேன். கட்டி முடிந்ததும் கேட்டேன். கேட்ட விதம் நல்லாய் இருக்கவில்லை.

"ஏன் ரீச்சர் அந்தப் பந்தைக் கொண்டுவந்தனீங்கள்? சத்தம் கேட்டால் கேட்டதெண்டு இருந்திருக்கலாம்தானே?"

"என்ன சத்தம்?"

"பின் அறையில பந்து விழுற சத்தம்."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை பிள்ளை. நீதானே படலையில நிண்டு சொன்னனீ. விழுந்தால் சத்தம் கேக்கக்கூடாது எண்டு. உன்ர வயசுப் பிள்ளை சத்தமில்லாமல் விளையாட என்ன தேவை? அப்பதான் எனக்குப் பிடிபட்டது. பாவம், உள்ளுக்க கிடக்கிறானே எண்டு தைச்சனான். உங்கட அம்மா ஏன் கோவிச்சவ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

நான் சாமானை ஏற்றி விட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிற நேரம். காய்ச்சல் வந்து எழும்பி, பின் அறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். படலையில் நான் சொன்னது, அன்றைக்குச் சத்தியம் பண்ணியது, ரீச்சர் சொன்னது. ஒரு சொல்லும் விடவில்லை. திட்டட்டும், சாபம் போடட்டும், ரீச்சருக்குப் பதிலாக இனி என்னோடு கதைக்காமல் விடட்டும் என்று நின்றேன்.

அம்மா கஞ்சிக் கோப்பையை மடியில் வைத்தார்.

"அப்ப வெளியில ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை அம்மா."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லையாம்."

கோப்பையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். பிறகு, "அவ்வளவு பக்குவமா விளையாடியிருக்கிறான் பிள்ளை," என்றார்.

கட்டில் விளிம்பில் இருந்தேன். அம்மா என்னை ஏசவில்லை. என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவே இல்லை.

"அவன் உந்தப் பந்தை வைச்சு என்னதான் செய்தவன்? நான் ஒரு நாளும் நிண்டு பார்க்கேல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிண்டனான்."

எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. நான் பந்து பொறுக்கிக் கொடுத்தவள், பழகவில்லை. வாயால்தான் சொன்னேன். உள்ளங்கையில் இருந்து விரலுக்கு ஏறும், புறங்கைக்கு இறங்கும், திரும்பி வரும், ஏழு தடவை விழாமல் செய்தான், கடைசியில் பந்து அசையாமல் நின்றது.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

சொன்னேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். சொல்லச் சொல்ல அது மிகவும் சின்னதாய்த் தெரிந்தது. ஒரு பெடியன், ஒரு பந்து, ஏழு தடவை. நாலைந்து தரம் சொன்ன பிறகு, பந்து புறங்கையில் இருந்து முழங்கை வரைக்கும் உருண்டு போய்த் திரும்பி வந்தது என்று சேர்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு நாள் அதைத் தோளுக்கு ஏற்றினேன். தோளில் இருந்து நெஞ்சுக்குக் குறுக்கே உருண்டு மற்றக் கைக்குப் போனது என்றேன். அவன் ஒரு நாளும் அப்படிச் செய்யவில்லை.

அம்மா கண்ணைத் திறந்தார்.

"உதை நீ போனமுறை சொல்லேல்லையே."

"மறந்துபோனன் அம்மா."

"விழேல்லையோ?"

"விழேல்லை," என்றேன்.